ராக்காயி அளந்து கொடுத்த கனவுகள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதிச் சொல்லைக் காற்று கொண்டுபோய்விடும். காலை நீட்டிக்கொள்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். கண் செருகினாலும் செருகட்டும், இந்தக் கதை பாதித் தூக்கத்திலும் விளங்கும். சிவகாசியில் ஒரு பெண் ஏழு மாதமாகச் சேர்த்துவைத்த கனவுகள் ஒரே மத்தியானத்தில் இல்லாமல் போயின. எப்படிப் போயின, அந்த இடத்தில் வேறு என்ன வந்தது என்று சொல்கிறேன்.

அவள் பெயர் ஷாஹிதா. பிறந்த வீடு விருதுநகர். இரண்டாயிரத்து எட்டு தை மாதம் சிவகாசிக்கு வாழ வந்தாள். மாமனார் அப்துல் ஹலீம் அச்சகங்களுக்குக் காகிதம் விற்கிறவர். வீட்டின் முன்னறை முழுக்கக் கலர் காகிதக் கட்டுதான். ரோஜாநிறம், கிளிப்பச்சை, மஞ்சள் என்று கூரைவரை அடுக்கியிருக்கும். அந்த அறைக்குள் நுழைந்தால் வானவில்லை மடித்துவைத்த பீரோவுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

அவளுடைய மாப்பிள்ளை சுல்தானுக்கு ஷார்ஜாவில் ஒரு பெயிண்ட் கிடங்கில் வேலை. கல்யாணம் முடிந்து பதினோரு நாள்தான் வீட்டில் இருந்தான். பதினோரு நாளில் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? அவனுக்குத் தேங்காய்ச்சட்னி ஆகாது என்பது இவளுக்குத் தெரியும். இவள் இடதுபக்கம் ஒருக்களித்துத்தான் தூங்குவாள் என்பது அவனுக்குத் தெரியும். அதற்குமேல் தெரிவதற்குள் ரயில் வந்துவிட்டது.

வாரம் ஒரு தடவை போன் வரும். கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி என்பதோடு பேச்சு முடியும். ஒரு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் சுல்தான் ஒரு வேலை செய்தான். விலை மலிவான குட்டி லேப்டாப் இரண்டு வாங்கினான். இரண்டும் ஒரே அச்சு. பத்து அங்குலத் திரை, கறுப்பு மூடி, குர்ஆனை வைத்து ஓதுகிற பலகையின் அகலம்தான் இருக்கும். ஒன்றை அவன் வைத்துக்கொண்டு, மற்றதை ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அன்றைக்குப் போனில் குரலை இறக்கிக்கொண்டு அவன் சொன்னது இதுதான்:

"விடிஞ்சதும் அன்னைக்கு என்ன கனவு கண்டேன்னு நெதம் அதுல எழுதி வை. நானும் எழுதுறேன். நான் வந்ததும் பெட்டிய மாத்திக்கிட்டு படிப்போம்."

சரி மச்சான் என்றாள்.

வந்த பெட்டிக்குள் கடைக்காரர் ஒருவர் ஊரெல்லாம் வைத்திருக்கிற, பெட்டியை ஓட்டுகிற சிஸ்டத்தின் திருட்டுப் பிரதியை ஏற்றிக்கொடுத்தார். சின்னப் பெட்டி, பெரிய சுமை. பொத்தானைத் தட்டிவிட்டு ஒரு படி அரிசியைப் புடைத்து முடிக்கலாம், அதற்கப்புறம்தான் திரை அசையும். கனவு அதுவரைக்கும் காத்திருக்குமா? பாதி எழுதுவதற்குள் மறந்துபோகும். ஷாஹிதாவுக்கு அழுகையாக வந்தது.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவளுடைய பெரியம்மா மகன் இக்பால் செல்போன் கடை வைத்திருந்தான். மாசி மாதம் ஒருநாள் காகித லோடு விஷயமாக வந்தவன், பெட்டியைப் பார்த்துவிட்டு, இதற்கு லினக்ஸ்தான் சரி, காசில்லாமல் கிடைக்கிற இலகுவான சிஸ்டம் என்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துப் பக்கத்தில் செருகினான். கொஞ்ச நேரத்தில் உடுக்கையைத் தட்டியது போல ஒரு சத்தம். செம்மண் நிறத்தில் ஒரு திரை. விரல் வைத்த இடமெல்லாம் உடனே திறந்தது. தமிழில் தட்டினால் தமிழ் விழுந்தது. அதே பெட்டிதானா என்று இவள் புரட்டிப் பார்த்தாள்.

இப்போதைக்குப் பென் டிரைவிலேயே ஓடட்டும், பிடித்திருந்தால் அடுத்த வாரம் வந்து உள்ளேயே ஏற்றிவிடுகிறேன், அதுவரைக்கும் அணைத்துவிடாதே, மூடியை மட்டும் மூடு, அது தூங்கும் என்று சொல்லிவிட்டுப் போனான் இக்பால். அடுத்த வாரம் அவன் வரவில்லை. பெட்டி நன்றாக ஓடியதால் இவளும் கேட்கவில்லை. அண்ணன் அணைக்காதே என்றான், அவள் அணைக்கவில்லை. கரண்டு போகிற நேரத்துக்கு முன்னால் மறக்காமல் சார்ஜ் ஏற்றிவைத்துக்கொள்வாள். ஏழு மாதம் அந்தப் பெட்டி ஒருநாள்கூட அணையவில்லை. மூடினால் தூங்கும், திறந்தால் விழிக்கும், அவ்வளவுதான்.

விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து அதைத் திறப்பாள். விழிக்கும்போது உள்ளே விசிறி சுழன்று அது மெல்ல மூச்சு விடும். அந்த மூச்சோடு மூச்சாக எழுதுவாள். எழுதி முடித்த கனவு அவள் மனசை விட்டுப் போய்விடும். பத்திரமான இடத்தில் வைத்தாயிற்று என்றால் மனசு எதற்குச் சுமக்கப்போகிறது? ஆவணி வரும்போது நூற்றெழுபது கனவுக்கு மேல் சேர்ந்திருந்தது. நோன்புப் பெருநாளுக்கு வருகிறேன் என்று சுல்தானும் சொல்லிவிட்டான்.

இனி ராக்காயியைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டின் பின்கட்டில் குடியிருந்தவள். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருஷமாக மருந்து அடைக்கிறவள். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும், சாயங்காலம் வெள்ளிக் கையோடு திரும்புவாள். அலுமினியத் தூள் அப்படி. எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மினுங்கும். கம்பெனியில் மருந்தறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொடுவார்கள், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிப்போக வேண்டும் என்று. ராக்காயி எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்தான் போவாள். ஷாஹிதாவின் மாமியார் பல்கீஸ் இதைச் சொல்லிச் சிரிப்பாள். நம்ம வீட்டுக்குள்ள என்ன மருந்தா இருக்கு ராக்காயி என்று கேட்பாள்.

நோன்பு பாதி கழிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷாஹிதா பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போயிருந்தாள். பெட்டி முன்னறையில் காகிதக் கட்டின் மேல் சார்ஜ் ஒயரோடு மூடிக் கிடந்தது. தூசு விழக்கூடாதே என்று பல்கீஸ் ஒரு போர்வையை நாலாக மடித்து அதன்மேல் போட்டாள். பிரியத்தில் செய்ததுதான். போட்டுவிட்டு அசர் தொழப் போனாள். என்னவோ தெரியவில்லை, பெட்டி அன்றைக்குப் போர்வைக்குள் தானாக விழித்துக்கொண்டது. விழித்தது உள்ளேயே மூச்சுத் திணறிச் சூடேறிவிட்டது.

வாங்கிப்போன சல்லடையைத் திருப்பிக் கொடுக்க வந்தாள் ராக்காயி. தாழ்ப்பாளைத் தொட்டாள், உள்ளே வந்தாள், அனல் வாசம் அடித்தது. புறங்கையை வைத்துப் பார்த்தால் தோசைக்கல். சுற்றிலும் கூரைவரை காகிதம். நீங்களும் நானுமாக இருந்தால் ஆளைக் கூப்பிட்டிருப்போம். இருபது வருஷம் மருந்தோடு உட்கார்ந்தவளுக்குச் சூட்டைக் கண்டால் வாய் வராது, கைதான் வரும். ஒயரைப் பிடுங்கினாள். பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த பென் டிரைவையும் பிடுங்கினாள். பெட்டியைக் கவிழ்த்து, டிபன் கேரியர் கொக்கியைத் தள்ளுகிறது போல இரண்டு கொக்கியைத் தள்ளி பேட்டரியைக் கழற்றினாள். பேட்டரியை முற்றத்து மணலில் ஒரு சாண் ஆழம் தோண்டிப் புதைத்தாள். பெட்டியை வேப்பமர நிழலில் பலகைமேல் படுக்கவைத்தாள். கம்பெனியில் சொல்லிக்கொடுத்தபடியே ஒன்றையும் விடவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

தொழுதுவிட்டு வந்த பல்கீஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். அப்துல் ஹலீம் வந்து கருகத் தொடங்கியிருந்த போர்வையை விரித்துப் பார்த்துவிட்டு, வீட்டையே காப்பாற்றிவிட்டாய் தாயே என்று ராக்காயிக்கு நன்றி சொன்னார். ஷாஹிதாவும் சொன்னாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகு பேட்டரியை மணல் தட்டித் துடைத்து மாட்டினாள். பென் டிரைவைச் செருகினாள். உடுக்கைச் சத்தம் கேட்டது. செம்மண் திரை வந்தது. திரையில் ஒன்றுமே இல்லை. நூற்றெழுபது கனவும் இல்லை, அவள் வைத்திருந்த தமிழும் இல்லை, அவள் என்று ஒருத்தி வந்துபோன தடயமே இல்லை. பிறந்த பிள்ளை பார்க்கிற மாதிரி அது அவளைப் பார்த்தது.

இக்பாலுக்குப் போன் போட்டாள். பெட்டி எப்படி அணைந்தது என்று கேட்டுக்கொண்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்:

"ஏ புள்ள, அது சும்மா ஓட்டிப் பாக்குறதுக்குள்ளதும்மா. பென் டிரைவ்ல இருந்து எறங்கி வந்து வேல பாக்கும், பெட்டிக்குள்ள ஒன்னும் எழுதி வைக்காது. அணைச்சா அம்புட்டும் மறந்துரும். ஒரு வாரத்துக்குத்தான் சொன்னேன். ஏழு மாசமா அதுலயா எழுதுனே?"

விருந்துக்கு வந்தவன் பையைக் கீழே வைக்காமலே ஏழு மாதம் தங்கிவிட்டுப் போனது போலத்தான். குற்றம் சொல்ல ஆளே இல்லை. இக்பால் மறந்தான், பல்கீஸ் போர்த்தினாள், ராக்காயி காப்பாற்றினாள். ஒவ்வொன்றும் நல்ல காரியமாகவே இருந்தது. கனவு மட்டும் போய்விட்டது.

அவர் அங்கே ஒருநாள் விடாமல் எழுதியிருப்பார், வந்து பெட்டியைக் கையில் கொடுப்பார், நான் வெறும் பெட்டியைக் கொடுத்தால் என்ன நினைப்பார்? இதுதான் ஷாஹிதாவை அரித்தது. பதினோரு நாள் பழகிய ஆள் கேட்டது இந்த ஒன்றைத்தான். இதைக்கூட இவள் செய்யவில்லையே என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டால்? மறுபடியும் சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி என்று அந்நியர்களாகவே ஆயுசு போய்விடுமோ என்று பயந்தாள். வருவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

நினைவிலிருந்து எழுதலாம் என்றால் ஒன்றும் வரவில்லை. புதிதாக இட்டுக்கட்டி எழுதலாம் என்று ஒரு சபலம் வந்தது. காணாத கனவைக் கண்டேன் என்று சொல்வது பெரிய பாவம் என்று அவளுக்குச் சின்ன வயசிலேயே சொல்லியிருந்தார்கள். எழுதப்போன விரல் நின்றுவிட்டது.

மறுநாள் சாயங்காலம் வேனைவிட்டு இறங்கி வந்த ராக்காயி, இவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். நான் கழட்டுனதுல ஏதும் கெட்டுப்போச்சா என்று கேட்டாள். இவள் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள், முடியவில்லை.

"உள்ள என்னதான் பாப்பா வச்சிருந்தே?"

"கனவுக்கா."

ராக்காயி சிரிக்கவில்லை. எத்தனை என்று கேட்டாள். எண்ணெயோ அரிசியோ அடுத்த வீட்டுக்காரருடையதைச் சிந்திவிட்டால், அளந்து திருப்பிக் கொடுக்காமல் ராக்காயிக்குச் சோறு இறங்காது. நூற்றெழுபது என்றதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு யோசித்தாள்.

"அம்புட்டு என்னால ஒத்தையா காண முடியாது தாயி. எங்க செட்டுல நாப்பது பொம்பளைக இருக்காக. நெசக் கனவா கேட்டுக் கொண்டாரேன். பொய்யி ஒன்னுகூடக் கலக்க மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை இக்பால் வந்தான். லினக்ஸை இந்தத் தடவை பெட்டிக்குள்ளேயே குடியேற்றினான். எந்த ஊர், என்ன மொழி, உன் பெயர் என்ன என்று பெட்டி ஒவ்வொன்றாகக் கேட்டது. பெயர் கேட்ட இடத்தில் அவளையே தட்டச் சொன்னான். அணைத்துக் காட்டினான், மறுபடி எழுப்பிக் காட்டினான். அவள் பெயரைச் சொல்லி அது வரவேற்றது. இனிமேல் யார் பிடுங்கினாலும் எழுதிவைத்தது இருக்கும் என்றான். போகும்போது அவன் தலை நிமிரவில்லை. பாவம், நோன்பு திறக்க அவனுக்கும் ஒரு தூக்கில் கஞ்சி ஊற்றிக் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் ராக்காயி வந்தாள். தீபாவளி சீசன், கம்பெனியில் நிமிர நேரமில்லை. மத்தியானச் சோற்று வேளையில்தான் கேட்டிருக்கிறாள். எழுதத் தெரியாதவள், மறந்துவிடாமல் இருக்க ஒரு கனவுக்கு ஒரு முடிச்சாகச் சேலை முந்தியில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து அவள் சொல்லச் சொல்ல ஷாஹிதா எழுதினாள்.

முதல் முடிச்சு, திரி சொருகுகிற சுப்புத்தாய் கண்டது. யாரோ நிலாவைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்து, இதற்கும் ஒரு திரி வைத்துக் கொடு என்றார்களாம். திரி சொருக ஓட்டை தேடி நிலாவைச் சுற்றிச் சுற்றி உருட்டிப் பார்த்தாளாம். எங்கேயும் ஓட்டை இல்லை. நிலா இட்லி மாதிரிக் குளுமையாக இருந்ததாம். சரி போ என்று அதன்மேல் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டாளாம்.

இரண்டாவது, குழாய் சுற்றுகிற முத்துமாரியம்மாள் கண்டது. அவள் வீட்டுக்கூரை முழுக்கப் பட்டாசு லேபிள் காகிதம். மழை பெய்கிறது, கூரை கிழியவில்லை. ஒவ்வொரு துளியும் லேபிளில் இருக்கிற கிளியையும் மயிலையும் கழுவி இறக்குகிறது. வாசல் வாய்க்காலில் கிளிகளெல்லாம் நீந்திப் போகின்றன.

மூன்றாவது ராக்காயியுடையதே. கிணற்றடியில் கை கழுவினாள். கையின் வெள்ளி அத்தனையும் கிணற்றில் இறங்கித் தண்ணீரே வெளிச்சமாகிவிட்டது. ஊரே குடம் கொண்டுவந்து சண்டையில்லாமல் வெளிச்சத்தை இறைத்துப் போகிறது. இவளிடம் குடம் இல்லை. இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டாள். குடித்தது நெஞ்சுக்குள் இறங்குவது வெளியிலிருந்து தெரிந்ததாம்.

இப்படியே நாளுக்கு மூன்று, நான்கு. விருதுநகர் ஜங்ஷனில் ஒரு ரயில் நிறைய மிளகாய் வற்றல் வந்து நின்றும் ஒருத்தரும் தும்மாத கனவு ஒன்று. செத்துப்போன தங்கச்சி வந்து தலையில் பேன் பார்த்துவிட்டுப் போன கனவு ஒன்று. ஒருத்தி கனவில் காலை பத்து மணிவரைக்கும் தூங்கினாளாம், யாருமே எழுப்பவில்லையாம். அவ்வளவுதான் கனவு. அதைச் சொன்னபோது செட்டில் எல்லோரும் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசையாமல் இருந்தார்களாம். வேன் ஓட்டுகிற சங்கிலிமுத்து, பொம்பளைகளிடம் மட்டும் கேட்டால் எப்படி என்று கோபித்துக்கொண்டு அவனுடையதையும் ஒன்று கொடுத்தான். டயர் பஞ்சரான கனவு. அதையும் ஷாஹிதா எழுதிக்கொண்டாள்.

பல்கீஸ் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"ஏட்டி, எம்மகன் வந்து இது யாரு கனவுன்னு கேட்டா, ஊரே கண்டதுன்னா சொல்லுவே?"

"ஆமா மாமி. அப்படித்தான் சொல்லப்போறேன்."

அப்படித்தான் செய்தாள். ஒவ்வொரு கனவுக்குக் கீழேயும் கண்டவள் பெயரை எழுதினாள். சுல்தான் வருவதற்குள் நாற்பத்தொன்று சேர்ந்தது. நூற்றெழுபது ஆகவில்லையே என்று ராக்காயிக்கு விசனம். மீதியைத் தீபாவளி கழித்துத் தருகிறேன் என்றாள்.

சுல்தான் வந்தான். வெயிலில் கறுத்து, இளைத்து, வேறு ஆளாக இருந்தான். முதல் நாள் முழுக்க வீடு நிறைய ஆள். பெருநாள் தொழுகை முடிந்து விருந்தும் முடிந்து, மத்தியானம் எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் கண்ணயர்ந்தபோதுதான் முன்னறையில் இரண்டு பேரும் தனியே உட்கார்ந்தார்கள். காகிதக் கட்டுகளின் நிறமெல்லாம் சுவரில் மெல்ல விழுந்துகிடந்தது. அவன் பையிலிருந்து தன் பெட்டியை எடுத்தான். அவன் நீட்டுமுன் இவள் சொல்லிவிட்டாள். போனது எப்படி, வந்தது யாருடையது, ஒன்றையும் மறைக்கவில்லை.

அவன் தன் பெட்டியை அவள் மடியில் வைத்தான். திறந்தாள். அதே லினக்ஸ், அது வாங்கும்போதே உள்ளே இருந்தது. கோப்பில் தேதி தேதியாக ஒருநாள் விடாமல் எழுதியிருந்தான். 'இன்று கனவு வரவில்லை.' அடுத்த நாள், 'இன்றும் வரவில்லை.' அதற்கடுத்த நாள், 'வரவில்லை. விடியும்போது மிளகாய் வறுக்கிற வாசம் வந்தது. கனவு என்று நினைத்தேன். பக்கத்து அறைக்காரர் சமையல்.' இப்படி ஏழு மாதம். ஒன்றுமில்லாததை அந்தப் பெட்டி ஒன்றுவிடாமல் பத்திரமாக வைத்திருந்தது.

"படுத்தா கட்டையா கெடப்பேன் புள்ள. பதினாலு மணி நேர வேல. நீ நெறய எழுதியிருப்பே, நான் என்னத்தக் குடுக்கன்னு வர்ற வழியெல்லாம் அதே பயம்."

அவள் அவனைப் பார்த்தாள். ஒரே பயத்தை இரண்டு பேரும் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

அப்புறம் நாரணாபுரத்துப் பெண்களின் கனவுகளைப் படித்தார்கள். சுப்புத்தாய் நிலாமேல் உட்கார்ந்த இடத்தில் அவன் சத்தமாகச் சிரித்து, உள்ளே யாரோ புரண்டு படுத்தார்கள். பத்து மணிவரை தூங்கியவள் வந்தபோது, இவளுக்கு ராக்காயியிடம் என் சலாம் சொல்லியனுப்பு என்றான். படித்துக்கொண்டே காகிதக் கட்டில் தலையைச் சாய்த்தான். முத்துமாரியம்மாளின் கிளிகள் நீந்திக்கொண்டிருக்கும்போது தூங்கிப்போனான். அவள் பெட்டியை மூடாமல் பக்கத்திலேயே இருந்தாள். அது மூச்சு விட்டது, அவனும் விட்டான்.

வெயில் சாயும்போது அவன் கண் விழித்தான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத முகமாக இருந்தது.

"ஷாஹிதா, நான் ஒன்னு கண்டேன்."

அவள் கை தானாகப் பெட்டிக்குப் போனது. போன கையை இழுத்துக்கொண்டாள். சொல்லுங்க மச்சான் என்று அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

நீளமான ஒரு வேனிலிருந்து அவன் இறங்குகிறான். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோர் கையும் வெள்ளி. உன் பெயர் என்ன என்று ஒவ்வொருத்தியாகக் கேட்கிறார்கள். இவனுக்குத் தன் பெயர் நினைவில்லை. தேடுகிறான், கிடைக்கவில்லை. அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி அந்தப் பெயரைச் சொல்கிறாள். யாரது என்று கேட்டாள் ஷாஹிதா.

"நீதான் சொன்னே. எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

"பேரையா? நானா?"

"ஆமா."

அந்த வீட்டில் பெண்கள் மாப்பிள்ளை பெயரைச் சொல்வதில்லை. கல்யாணப் பத்திரிகையில் படித்ததோடு சரி, அவள் நாக்கில் அந்தப் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. அவள் வாசலைப் பார்த்தாள். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் காத்துக்கொண்டிருந்தான், இன்னும் பாதிக் கனவிலேயே நிற்கிற ஆள் மாதிரி.

"சுல்தான்" என்றாள்.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் படுக்கிறவர்களுக்கெல்லாம் நல்ல தூக்கம் வரட்டும். பிழைக்கப்போன பிள்ளைகள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வாசலுக்கு வந்து சேரட்டும். உங்கள் வீட்டுத் தீ அடுப்பைவிட்டு இறங்காமல் இருக்கட்டும். விடிந்ததும் சொல்வதற்கு ஒருவரும் கேட்பதற்கு ஒருவரும் ஒரே கூரையின் கீழ் நீடூழி இருக்கட்டும்.